வடம் பிடித்தவருக்கு என்ன மரியாதை?

இணைய விளையாட்டுத் தளங்களில் சந்தா கட்டுபவர்கள் சிலர். தளத்தை உயிரோடு வைத்திருப்பவர்கள் பலர். காசு தராமல் உழைப்பைத் தரும் உறுப்பினருக்குக் கூடுதல் வசதிகள் தர வேண்டுமா? விவசாயிகளே பங்குதாரர்களான மகர்பட்டாவில் இருந்து பார்த்தால் இந்தக் கேள்விக்கு வேறு ஒரு முகம் தெரிகிறது.

புனே நகரின் கிழக்குப் பகுதியில், சோலாப்பூர் சாலைக்கு வடக்கே, ஹடப்சரில் ஒரு காலத்தில் கரும்பு விளைந்த நிலம் அது. நகரம் நெருங்கி வந்துகொண்டிருந்தது. இன்றோ நாளையோ யாராவது கட்டுமானக்காரர் வந்து துண்டு துண்டாக வாங்கிப் போவார். கைக்கு வரும் பணம் சில வருடங்களில் கரைந்துவிடும். பிறகு அதே நிலத்தில் எழும் கட்டடத்துக்குக் காவலாளியாகப் போக வேண்டியதுதான். 1990களில் இந்தத் தலைவிதியை ஏற்க மறுத்தார்கள் அங்கிருந்த சுமார் 120 விவசாயக் குடும்பத்தினர். சதீஷ் மகரின் தலைமையில் சுமார் 400 ஏக்கர் நிலத்தை ஒன்றாகச் சேர்த்து, தாங்களே ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அவர்களிடம் ரொக்கம் இல்லை. கொண்டுவந்தது நிலம். யார் எவ்வளவு நிலம் தந்தாரோ அந்த விகிதத்தில் அவருக்குப் பங்கு. 2000-ஆம் ஆண்டில் கட்டுமானம் தொடங்கியது. மகர்பட்டா சிட்டி பிறந்தது.

இன்று அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகள், பள்ளிக்கூடம், மருத்துவமனை, நடுவே பெரிய பூங்கா. கண்ணாடிச் சுவர் கட்டடங்கள் நிறைந்த சைபர்சிட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள். நாட்டின் பல மாநிலங்களில் இருந்து வந்த இளைஞர்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள். தமிழ்க் குரல்களுக்கும் குறைவில்லை. ஷிப்ட் முடிந்ததும் கையில் இருக்கும் போனில் ஒரு செஸ், ஒரு லூடோ, ஒரு துப்பாக்கிச் சண்டை. இவற்றில் பெரும்பாலானவை இலவசம். சரியாகச் சொன்னால், நுழைவு மட்டும் இலவசம். உள்ளே போனால் ஒவ்வொரு கதவிலும் ஒரு பூட்டு, ஒரு விலைச்சீட்டு.

பூட்டுகளைத் திறக்கக் காசு கொடுப்பவர்கள் மிகக் குறைவு. இலவசமாக ஆடக்கூடிய விளையாட்டுகளில் நூறு பேரில் ஐந்து பேர் பணம் கொடுத்தாலே அது நல்ல வியாபாரம் என்பது தொழிலில் உள்ளவர்களின் கணக்கு. மீதி 95 பேர் தம்படி தருவதில்லை. ஆனால் அந்த 95 பேரிலும் இரண்டு வகை உண்டு. வந்தோம், ஆடினோம், போனோம் என்பவர்கள் ஒரு வகை. தினமும் வந்து, புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, ஏமாற்றுபவர்களைப் பிடித்துக்கொடுத்து, தளத்தைத் தன் வீடு போலப் பார்த்துக்கொள்பவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையினருக்கு, சந்தாதாரர்களுக்குத் தரும் வசதிகளில் கொஞ்சமாவது தரலாமா கூடாதா? உலகம் முழுவதும் விளையாட்டுத் தளங்களை நடத்துபவர்கள் நெடுங்காலமாகத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி இது.

எதிரில் உட்காரும் ஆள்

காசு தராதவர் என்ன தருகிறார்? முதலில், தன்னையே தருகிறார். செஸ் ஆட இரண்டு பேர் வேண்டும். சந்தா கட்டிய ஒருவர் நள்ளிரவு 2 மணிக்குப் பலகையைத் திறந்தால், அவருடைய தரத்துக்கு ஏற்ற எதிராளி சில நொடிகளில் கிடைக்க வேண்டும். அதற்கு லட்சக்கணக்கானோர் தளத்தில் இருக்க வேண்டும். சந்தாதாரர்களை மட்டும் வைத்துக்கொண்டு கடை நடத்தினால் பலகை முன்னால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆக, காசு கொடுத்தவர் வாங்கும் சரக்கில் ஒரு பெரும் பகுதி, காசு கொடுக்காதவர் அங்கே இருப்பதுதான். கூட்டம் இல்லாத டீக்கடையில் யாரும் உட்கார விரும்புவதில்லை. ஓசியில் பேப்பர் படிக்க வருபவரும் அந்தக் கூட்டத்தில் சேர்த்திதான்.

இரண்டாவது, உழைப்பு. விளையாட்டுத் தளங்களில் விதிகளை விளக்குவதும், கேள்விகளுக்குப் பதில் சொல்வதும், வசைபாடுபவர்களைப் பற்றிப் புகார் கொடுப்பதும், சில இடங்களில் முழுத் தளத்தையும் தாய்மொழியில் மொழிபெயர்ப்பதும் உறுப்பினர்களே. மூன்றாவது, வாய்ச்சொல் விளம்பரம். பக்கத்து இருக்கைக்காரர் ஆடுவதைப் பார்த்துத்தான் பலரும் சேர்கிறார்கள். கொரோனா ஊரடங்கின்போது இந்தியக் குடும்பங்கள் பலவற்றை ஒரே பலகையில் உட்கார வைத்த லூடோ கிங், நவி மும்பையில் இயங்கும் கேமெஷன் கம்பெனி 2016-இல் வெளியிட்ட விளையாட்டு. அது பரவியதில் அத்தை, மாமா, பேரன் என்று சொந்தபந்தங்கள் ஒருவரை ஒருவர் அழைத்ததற்குப் பெரும் பங்கு உண்டு.

தேர்த் திருவிழாவை நினைத்துப் பார்த்தால் விஷயம் சுலபமாகப் புரியும். ஊரில் வரி கட்டுபவர்கள் உண்டு, உபயதாரர்கள் உண்டு. அவர்களுக்கு மாலை, பரிவட்டம், முதல் பிரசாதம். ஆனால் தேரை நகர்த்துவது வடம் பிடிக்கும் ஆயிரம் கைகள். புனேயின் கணபதி விழாவிலும் இதே கதைதான். 1893-இல் திலகர் பொது விழாவாக மாற்றிய காலத்தில் இருந்து, மண்டல்கள் 'வர்கணி' என்ற சந்தா வசூலித்தே விழா நடத்துகின்றன. ஆனால் ஊர்வலத்தை ஊர்வலமாக்குவது வாரக்கணக்கில் பயிற்சி செய்து டோல் அடிக்கும் இளைஞர்கள். வடம் பிடித்தவருக்கும் டோல் அடித்தவருக்கும் ஒரு மரியாதை உண்டு என்பதை ஊர் ஒப்புக்கொள்கிறது. எவ்வளவு, எந்த வடிவில் என்பதில்தான் சண்டை வருகிறது.

நான்கு பாதைகள்

இந்தச் சண்டையை விளையாட்டுத் தளங்கள் பல விதமாகத் தீர்க்கப் பார்த்திருக்கின்றன.

முதல் பாதை, பூட்டே வேண்டாம் என்பது. லீசெஸ் என்ற செஸ் தளம் இதற்கு உதாரணம். பிரெஞ்சு நிரலாளர் திபோ துப்ளெசி 2010-இல் தொடங்கியது. லாப நோக்கற்ற அமைப்பாகப் பிரான்சில் பதிவானது. விளம்பரம் கிடையாது. ஆட்டம், பயிற்சிப் புதிர், கம்ப்யூட்டர் ஆய்வு எல்லாம் எல்லோருக்கும் இலவசம். நன்கொடை தருபவருக்குக் கிடைப்பது பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய இறக்கைச் சின்னம், அவ்வளவே. ஆட்டங்களை அலசும் கம்ப்யூட்டர் வேலையின் ஒரு பகுதியை, தங்கள் சொந்தக் கம்ப்யூட்டர்களின் ஓய்வு நேரத்தை இரவல் தரும் தன்னார்வலர்களே செய்கிறார்கள். தமிழ் உள்பட நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் அது கிடைப்பதும் தன்னார்வலர்களின் உபயம். இங்கே 'சுறுசுறுப்பான உறுப்பினருக்கு என்ன பரிசு' என்ற கேள்வியே எழுவதில்லை. பூட்டு இல்லாத வீட்டில் சாவி எதற்கு?

இரண்டாவது பாதை, அளந்து கொடுப்பது. 2007-இல் தொடங்கிய செஸ்.காம் உலகின் மிகப் பெரிய செஸ் தளம். எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் இலவசமாக ஆடலாம். ஆனால் புதிர்களுக்கும் ஆட்ட அலசலுக்கும் நாளுக்கு இவ்வளவு என்று அளவு வைத்திருக்கிறது. கூடுதலாக வேண்டுமானால் சந்தா. இந்த விதிக்கு அந்தத் தளமே ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. கிராண்ட்மாஸ்டர் போன்ற பட்டம் பெற்ற வீரர்களுக்கு உயர்நிலைச் சந்தா இலவசம். காரணம் வெளிப்படை: அவர்கள் இருப்பதால் தளத்துக்கு மதிப்பு. காசு தராமலே மதிப்பைக் கூட்டுபவருக்கு வசதி தரலாம் என்ற கொள்கையை அந்தத் தளம் ஏற்றுக்கொண்டுவிட்டது என்றே இதற்கு அர்த்தம். கிராண்ட்மாஸ்டருக்குத் தரும் சலுகையில் ஒரு துளியை, ஆண்டுக்கணக்கில் புதியவர்களுக்குப் பாடம் சொல்லும் பட்டமில்லாத ஆசிரியருக்குத் தந்தால் என்ன என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது. ஆனந்தில் தொடங்கி 2024-இல் உலக சாம்பியனான குகேஷ் வரை சென்னை உருவாக்கிய வீரர்களுக்குப் பின்னால், பெயர் வெளியே தெரியாத பயிற்சியாளர்கள் எத்தனை பேர் என்பதைத் தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது பாதை, விருந்தினர் முறை. போர்டு கேம் அரீனா என்ற தளத்தில் உலகெங்கும் உள்ள பலகை விளையாட்டுகளை ஆடலாம். 2010-இல் தொடங்கிய தளம், 2021-இல் அஸ்மோடே என்ற பெரிய நிறுவனத்தின் கைக்கு வந்தது. அங்கே சிறப்பு ஆட்டங்களைத் தொடங்கச் சந்தா வேண்டும். ஆனால் சந்தாதாரர் ஒருவர் மேஜை போட்டால், காசு கட்டாத நண்பர்களும் வந்து உட்காரலாம். கல்யாணப் பத்திரிகை ஒருவர் பெயருக்கு வந்தாலும் 'குடும்பத்துடன் வருக' என்று அச்சிடுவது போல. இதனால் சந்தாதாரருக்கு ஆள் கிடைக்கிறது, மற்றவருக்கு ஆட்டம் கிடைக்கிறது.

நான்காவது பாதைதான் சுவாரஸ்யமானது. உழைத்துச் சம்பாதித்துச் சந்தா கட்டுவது. ஐஸ்லாந்தின் சி.சி.பி. நிறுவனம் நடத்தும் ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் 2008-இல் 'பிளெக்ஸ்' என்ற சீட்டு வந்தது. பணக்கார ஆட்டக்காரர் அசல் பணம் கொடுத்து அதை வாங்கலாம். விளையாட்டுக்கு உள்ளே புழங்கும் நாணயத்துக்கு இன்னொருவரிடம் விற்கலாம். வாங்கியவர் அதைத் தன் சந்தாவாகப் பயன்படுத்தலாம். நேரம் உள்ளவர் நேரத்தைத் தருகிறார், பணம் உள்ளவர் பணத்தைத் தருகிறார். கம்பெனிக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கும் ஜேஜெக்ஸ் நிறுவனம் தன் ரூன்ஸ்கேப் விளையாட்டில் 2013-இல் 'பாண்டு' என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. 2015-இல் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டும் பின்தொடர்ந்தது.

பார்க்கச் சரியான ஏற்பாடு. ஆனால் இதில் ஒரு நெருடல் உண்டு. பிளெக்ஸ் வாங்கும் அளவுக்கு நாணயம் சேர்க்க மணிக்கணக்கில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பொழுதுபோக்காகத் தொடங்கியது கூலி வேலையாக மாறிவிடுகிறது. அந்த நேரத்தில் வெளியே எங்காவது வேலை பார்த்தால் சந்தாவைவிடப் பல மடங்கு கிடைத்திருக்கும். மேலும் இந்த முறை பரிசளிப்பது நாணயம் சேர்ப்பவரை. புதியவருக்கு உதவி செய்தவரை அல்ல.

காசு கட்டியவரின் கோபம்

பரிசு தரக்கூடாது என்பவர்களின் வாதங்களையும் தள்ளிவிட முடியாது. முதல் வாதம், சந்தாதாரருடையது. 'நான் மாதாமாதம் பணம் கட்டி வாங்கியதை, சும்மா வந்து போகிறவருக்குத் தூக்கிக் கொடுத்தால் நான் என்ன முட்டாளா?' சினிமா தியேட்டரில் டிக்கெட் வாங்கியவருக்குப் பக்கத்தில் வாங்காதவரை உட்கார வைத்தால் வருகிற கோபம். சர்வர் செலவு, மின்சாரம், ஊழியர் சம்பளம் எல்லாம் அந்த ஐந்து பேரின் பையில் இருந்துதான் வருகின்றன. அவர்கள் விலகினால் 95 பேருக்கும் ஆட்டம் இல்லை.

இரண்டாவது, மோசடி. எதை அளந்து பரிசு தருகிறோமோ, அதைப் பொய்யாகத் தயாரிக்க ஆள் வந்துவிடும். 'நூறு பதில் எழுதினால் ஒரு மாதச் சந்தா இலவசம்' என்றால், 'நன்றி', 'அருமை' என்று நூறு பதில்கள் குவியும். ஒருவரே பத்துப் பெயரில் பதிவு செய்வார். இயந்திர நிரல்கள் ஆளுக்குப் பதிலாக ஆடும். ரூன்ஸ்கேப் இந்த நோயில் நன்றாகவே அடிபட்டது. விளையாட்டு நாணயத்தை வெளியே அசல் பணத்துக்கு விற்கும் கும்பல்களை ஒழிக்க, 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் சுதந்திரமாகப் பண்டமாற்று செய்வதையே ஜேஜெக்ஸ் முடக்கியது. ஒழுங்காக ஆடியவர்களும் தண்டிக்கப்பட்டார்கள். நண்பருக்கு ஒரு வாளைப் பரிசாகக் கொடுக்கக்கூட முடியவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து வாக்கெடுப்பு நடந்தது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பதிவாகி, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பழைய முறையைக் கேட்டார்கள். 2011 பிப்ரவரியில் அது திரும்பி வந்தது.

மூன்றாவது வாதம், பரிசே உழைப்புச் சுரண்டலாக மாறலாம் என்பது. 1990களில் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம், தன் அரட்டை அறைகளையும் செய்திப் பலகைகளையும் கண்காணிக்க ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களை வைத்திருந்தது. மணிக்கணக்கில் இணையத்துக்குக் கட்டணம் வசூலித்த காலம் அது. தன்னார்வலர்களுக்குக் கிடைத்த கைம்மாறு, இலவச அல்லது சலுகைக் கட்டண இணைப்பு. ஆரம்பத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். நாளடைவில் ஷிப்ட் நேரம், பயிற்சி, அறிக்கை எழுதுவது என்று அது வேலை போலவே ஆகிவிட்டது. 1999-இல் முன்னாள் தன்னார்வலர்கள் குறைந்தபட்சக் கூலி கேட்டு வழக்குப் போட்டார்கள். பத்தாண்டுக்கு மேல் இழுத்தடித்த வழக்கு, 2010-இல் 1.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. தளங்களை நடத்தும் பலரும் 'பரிசு' என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு அடி பின்வாங்குவதற்கு இந்த வழக்கின் நினைவும் ஒரு காரணம்.

குழந்தைகள் இருக்கும் இடம்

இந்த விவாதத்தில் பெற்றோருக்கு முக்கியமான பகுதி இனிமேல்தான். விளையாட்டுத் தளங்களின் உறுப்பினர்களில் கையில் காசு இல்லாதவர்கள் என்றால் பெரும்பாலும் யார்? பள்ளி மாணவர்கள். கிரெடிட் கார்டு அப்பாவிடம், நேரம் பிள்ளையிடம். 'காசு வேண்டாம், அடிக்கடி வா, பூட்டைத் திறக்கிறேன்' என்று ஒரு தளம் சொன்னால், அந்த அழைப்பு முதலில் போய்ச் சேரும் இடம் 12 வயதுப் பிள்ளைதான்.

கிளப் பெங்குயின் என்ற குழந்தைகள் தளம் 2005-இல் தொடங்கியது. இரண்டே ஆண்டில் டிஸ்னி அதை 35 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. இலவச உறுப்பினர் ஆடலாம். ஆனால் தன் பெங்குயினுக்குப் புதுச் சட்டை வாங்கவும், பனிவீட்டை அலங்கரிக்கவும் சந்தா வேண்டும். சட்டை போட்ட பெங்குயின், போடாத பெங்குயின் என்று குழந்தைகளிடையே ஒரு ஜாதி உருவானது. அதே தளத்தில் ஒரு நல்ல ஏற்பாடும் இருந்தது. சேர்ந்து 30 நாள் ஆன எந்த உறுப்பினரும், காசு கட்டினாலும் கட்டாவிட்டாலும், ஒரு சிறு தேர்வு எழுதி 'ரகசிய ஏஜென்ட்' ஆகலாம். மற்றவர்களுக்கு உதவுவது, மோசமாகப் பேசுபவரைப் பற்றித் தகவல் தருவது அவர்கள் வேலை. பரிசு, ரகசியத் தலைமையகத்துக்குள் நுழையும் அனுமதி. அங்கே அளவுகோல் எத்தனை மணி நேரம் ஆடினாய் என்பது அல்ல. பொறுப்பாக நடக்கத் தெரியுமா என்பதே.

அளவுகோல் நேரமாக மாறும்போதுதான் ஆபத்து. 'தினமும் உள்ளே வந்தால் பரிசு, ஏழு நாள் தொடர்ந்து வந்தால் பெரிய பரிசு, ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு' என்ற தினவருகைப் பரிசு இன்று போன் விளையாட்டுகளில் சர்வசாதாரணம். இது நன்றிக்கடன் அல்ல, தூண்டில். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022-இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனத்துக்கும் இடம் இருக்கிறது. சீனாவில் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 மணி முதல் 9 மணி வரை மட்டுமே ஆடலாம் என்று 2021-இல் விதி வந்தது. 2023 டிசம்பரில் அந்நாட்டு அதிகாரிகள் தினவருகைப் பரிசையே தடை செய்யும் வரைவு விதிகளை வெளியிட்டார்கள். செலவுக்கு உச்சவரம்பு போன்ற கட்டுப்பாடுகளும் அதில் இருந்தன. ஒரே நாளில் டென்சென்ட் நிறுவனப் பங்கு சுமார் 12 சதவீதம் சரிந்தது. நெட்ஈஸ் பங்கு கிட்டத்தட்ட கால்வாசி விழுந்தது. அடுத்த மாதமே வரைவு இணையத்தில் இருந்து காணாமல் போனது. இத்தகைய தூண்டில்களின் மேல் எவ்வளவு பெரிய வியாபாரம் உட்கார்ந்திருக்கிறது என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிட்டது.

இந்தியச் சட்டமும் இந்த விஷயத்தைத் தொடுகிறது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் விளையாட்டுகளைத் தடை செய்தது. அத்தகைய விளையாட்டை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். அதே சமயம் பொழுதுபோக்குக்கான 'சமூக விளையாட்டு'களை அது தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. இவற்றுக்குச் சந்தா வசூலிக்கலாம், ஆனால் அது பந்தயப் பணமாக இருக்கக்கூடாது. இந்தச் சட்டத்தின்படி, பணம் கொடுத்து வாங்கிய நாணயம், டோக்கன் போன்றவையும் பந்தயப் பொருளாகக் கருதப்படலாம். எனவே இலவச உறுப்பினருக்கு ஒரு வசதியைத் திறந்துவிடுவது ஒன்று. கைமாற்றி விற்கக்கூடிய சீட்டைக் கொடுப்பது வேறொன்று. முதலாவதில் சிக்கல் இல்லை. இரண்டாவதை இந்தியாவில் செய்ய நினைக்கும் கம்பெனி வக்கீலைக் கலந்துகொள்வது நல்லது.

2023-இல் நிறைவேறிய தனிநபர் டிஜிட்டல் தகவல் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. 18 வயதுக்கு உட்பட்டவர் எல்லோரும் அதன்படி குழந்தைகள். அவர்களுடைய நடவடிக்கைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதற்கு அந்தச் சட்டத்தில் தடை உண்டு. யார் சுறுசுறுப்பானவர் என்று தெரிய வேண்டுமானால் ஒவ்வொருவரையும் கவனித்துக் கணக்கு வைக்க வேண்டும். பரிசுத் திட்டம் தீட்டுபவர் இந்த முட்டுக்கட்டையை மறக்க முடியாது.

என்ன கொடுக்கலாம்?

புனேக்கு விளையாட்டு உலகில் ஏற்கனவே ஒரு பெயர் உண்டு. இன்று உலகெங்கும் ஆடப்படும் பேட்மின்டனுக்கு ஒரு காலத்தில் 'பூனா' என்றே பெயர். 1870களில் இங்கிருந்த பிரிட்டிஷ் ராணுவத்தினர்தான் அதற்கு முதலில் விதிகள் வகுத்தார்கள். இன்றைய புனேயில் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் நிறுவனங்கள் உண்டு. 'மாஸ்க்கன்' விளையாட்டையும், 2024-இல் 'இண்டஸ்' விளையாட்டையும் வெளியிட்ட சூப்பர்கேமிங் இந்த ஊர் நிறுவனம்தான். இந்திய ஆட்டக்காரர் நேரத்தைத் தாராளமாகத் தருவார், பணத்தை யோசித்துத்தான் எடுப்பார் என்பது இங்கே கடை விரிக்கும் எவருக்கும் தெரியும். அப்படியானால் அவர்களுக்கு இந்தக் கேள்வி ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

இதுவரையிலான அனுபவங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகின்றன. பரிசு தருவது நியாயம். ஆனால் வருகைக்கும் மணிக்கணக்குக்கும் தரக்கூடாது. பங்களிப்புக்குத் தர வேண்டும். மொழிபெயர்த்தவர், பாடம் எழுதியவர், ஏமாற்றுக்காரரைச் சரியாக அடையாளம் காட்டியவர், போட்டி நடத்தியவர். இவர்களை இயந்திரம் எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. மனிதர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்சம் செலவாகும். ஆனால் மோசடியும் அங்கேயே பாதி ஒழியும்.

கொடுக்கும் வசதி ஆட்டத்தில் பலம் சேர்ப்பதாக இருக்கக்கூடாது. கூடுதல் அலசல், பழைய ஆட்டங்களைச் சேமிக்க இடம், சொந்தமாகப் போட்டி நடத்தும் உரிமை, பெயருக்கு அருகில் ஒரு சின்னம் போன்றவை போதும். இவற்றைக் கொடுப்பதால் சந்தாதாரர் எதையும் இழப்பதில்லை. நன்றாக நடத்தப்படும் போட்டியில் அவரும்தானே ஆடப்போகிறார். எதற்காக இந்தப் பரிசு என்று வெளிப்படையாக எழுதி வைத்தால் 'நான் முட்டாளா' என்ற கோபமும் தணியும். தேரை இழுத்தவருக்கு ஒரு பொட்டலம் சுண்டல் தருவதை எந்த உபயதாரரும் தடுத்ததில்லை.

இன்னொன்று, வேலை வாங்குவதற்கு ஒரு எல்லை. நேரம் குறித்து, கட்டளையிட்டு, அறிக்கை கேட்கும் நிலை வந்துவிட்டால் அது தன்னார்வம் அல்ல, உத்தியோகம். அப்போது கொடுக்க வேண்டியது சின்னம் அல்ல, சம்பளம். ஏ.ஓ.எல். வழக்கு சொன்ன பாடம் இதுதான்.

எல்லாம் கொடுத்த பிறகும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. தளம் கொடுத்த எதுவும் உறுப்பினருக்குச் சொந்தமல்ல. 2017 மார்ச்சில் கிளப் பெங்குயின் மூடப்பட்டபோது ரகசிய ஏஜென்ட்களும் சந்தாதாரர்களும் ஒரே நாளில் எல்லாவற்றையும் இழந்தார்கள். 2020 செப்டம்பரில் இந்திய அரசு பப்ஜி மொபைலைத் தடை செய்தபோது, ஆண்டுக்கணக்கில் சேர்த்தவை கைவிட்டுப் போயின என்று லட்சக்கணக்கான இளைஞர்கள் நினைத்தார்கள். 2021-இல் அதன் இந்திய வடிவம் வந்தபோது, பழைய கணக்குகளைக் குறிப்பிட்ட காலம் வரை மாற்றிக்கொள்ள அனுமதித்தார்கள். அந்த அனுமதிகூடக் கம்பெனி மனம் வைத்ததால் கிடைத்ததுதான். கேட்டு வாங்கும் உரிமை ஆட்டக்காரருக்கு இல்லை. 'விதிகளை எந்த நேரமும் மாற்றுவோம்' என்ற ஒரு வரி ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கிறது. யாரும் படிக்காமலே சம்மதம் அழுத்துகிறார்கள்.

மகர்பட்டா விவசாயிகள் வேறு விதமாகச் செய்தார்கள். ரொக்கம் இல்லாதவர்கள்தான் அவர்களும். ஆனால் தாங்கள் கொண்டுவந்ததற்கு மதிப்புப் போட்டு, அதைப் பங்காகக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவர்களிடம் இருந்தது நிலம், கண்ணுக்குத் தெரியும், ஏக்கரில் அளக்கலாம். விளையாட்டுத் தளத்து உறுப்பினரின் உழைப்பை அளக்கச் சர்வே கல் கிடையாது. அதனால் அவருக்குப் பங்கு தர முடியாமல் போகலாம். ஆனால் வாக்குக் கொடுத்த சலுகையை நினைத்தபோது பறிக்கமாட்டோம், மூடுவதானால் முன்கூட்டிச் சொல்வோம், நீங்கள் எழுதியதையும் சேர்த்ததையும் எடுத்துப்போக வழி செய்வோம் என்று எழுதிக் கொடுக்க எந்தக் கம்பெனிக்கும் முடியும்.

மாலை மங்கி, சைபர்சிட்டியின் கண்ணாடிக் கட்டடங்களில் விளக்கு எரியும் நேரம். அந்தக் கட்டடங்களில் இருந்து வரும் வாடகையில், ஒரு காலத்தில் அங்கே கரும்பு வெட்டிய குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. அதே கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து போனில் யாரோ ஒரு புதிய ஆட்டக்காரருக்குக் குதிரையை எப்படி நகர்த்துவது என்று சொல்லிக்கொடுப்பவருக்குக் கிடைப்பது, தளம் மனம் வைத்தால் ஒரு இறக்கைச் சின்னம். இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு நியாயமான இடம் இருக்கிறது. அதைத் தேடும் பொறுப்பு தளம் நடத்துபவர்களுடையது. அதுவரை தேர் நகர்ந்துகொண்டுதான் இருக்கும், வடம் பிடிப்பவர்கள் சலிக்காத வரை.